விதி சொல்லும் கதை: வீடியோ கேமில் கதை பெரிதா, ஆட்டம் பெரிதா?

வீடியோ கேமில் கதை முக்கியமா, ஆட்டம் முக்கியமா என்று மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருபது வருடத்துக்கு மேலாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கட பக்கத்தில் இதைச் சொன்னால் "வேற வேலை இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கோ இந்தக் கேள்வி இப்போது அவசரமானதாகத் தெரிகிறது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன்கள் திம்புள்ளத் தோட்டங்களின் லயங்களுக்குள்ளும் எங்கட பஜார் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தன. வகுப்பு முடிந்தது, போன் தங்கிவிட்டது. சிக்னல் எந்தத் திருப்பத்தில் கிடைக்கும், எந்தக் கல்லில் ஏறி நின்றால் கிடைக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அஸருக்குப் பிறகு அப்படியான இடங்களில் நாலு பேராவது தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள்.

பெரியவர்கள் நாங்கள் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஜும்ஆ பயானிலும் பேசுகிறோம், பெற்றோர் கூட்டத்திலும் பேசுகிறோம். பேசும்போது பார்ப்பதெல்லாம் மேற்பூச்சைத்தான்: துவக்கு இருக்கிறதா, இசை இருக்கிறதா, பெண் உருவத்தின் உடுப்பு எப்படி, எதிரியாய் வருகிறவன் தாடி வைத்த அரபியா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் எல்லாமே கதையையும் காட்சியையும் பற்றியவை. அந்தக் கேம் பிள்ளையின் கையை என்ன செய்ய வைக்கிறது, எதைச் செய்தால் வெற்றி என்கிறது, எதைச் செய்யவே விடாது என்ற பக்கத்துக்கு நாங்கள் வருவதில்லை.

இங்கே 'ஆட்டம்' என்று நான் சொல்வது கேம்காரர்கள் 'கேம்பிளே' என்று சொல்வதை: விதிகள், அந்த விதிகளுக்குள் நின்று விளையாடுகிறவர் செய்யும் வேலை, அதற்குக் கேம் கொடுக்கும் பதில். 'கதை' என்றால் பாத்திரங்கள், நடந்தது, நடக்கப்போவது, உரையாடல். (எங்களுக்குக் 'கதைப்பது' என்றால் பேசுவதும்தான். அது பின்னுக்கு உதவும்.)

நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். 'ஃப்ரீ ஃபயர்' விளையாடுகிற எல்லாருக்கும் 'அலோக்' என்ற பாத்திரத்தைத் தெரியும். "அலோக் யாரு?" என்றேன். "சேர், அவன எடுத்தா சுத்தி ஒரு வட்டம் வரும். அதுக்குள்ள நின்னா உசிரு ஏறும், ஓட்டமும் கூடும்" என்றான் ஒரு தோட்டத்துப் பொடியன். அலோக் என்பவர் பிரேஸிலில் உண்மையாகவே இருக்கும் ஓர் இசைக்கலைஞர், அவரை வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தைச் செய்தார்கள். அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. "கதையெல்லாம் போட்டிருப்பாங்க சேர், நாங்க ஸ்கிப் பண்ணிருவோம்." பாத்திரம் என்பது அவர்களுக்கு ஆளே இல்லை. அது ஒரு கருவி.

இதையே நோர்வே நாட்டவரான பேராசிரியர் எஸ்பன் ஆர்செத் வேறு மொழியில் சொன்னார். திரையில் ஓடும் நாயகியின் உருவம் வேறு மாதிரி இருந்தாலும் என் ஆட்டம் மாறப்போவதில்லை, விளையாடும்போது நான் அந்த உருவத்தைப் பார்ப்பதே இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சதுரங்கக் குதிரையை யானை மாதிரிச் செதுக்கினாலும் அது குதிரையின் நடைதானே நடக்கும்! எதிர்ப் பக்கத்தில் நின்றவர் அமெரிக்காவின் ஜேனட் மரே. 1997இல் வந்த புத்தகத்தில் அவர் 'டெட்ரிஸ்' கேமை எடுத்துக்கொண்டார். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற, ஒரு சொல்லும் இல்லாத கேம் அது. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்நோவ் செய்தது. மரே அதை வேலைப் பளுவில் மூச்சுமுட்டும் அமெரிக்க வாழ்க்கையின் நாடகமாக வாசித்தார். வந்துகொண்டே இருக்கும் வேலை, அடுக்கி முடிக்குமுன் அடுத்தது. பின்லாந்துக்காரரான மார்க்கு எஸ்கெலினன், 2001இல் தொடங்கிய 'கேம் ஸ்டடீஸ்' ஆய்விதழில் அவரைக் கடுமையாகச் சாடினார். கட்டையில் கதையைத் தேடுவது கேமைக் கேமாகப் பார்க்க மறுப்பது என்றார்.

எனக்கு எஸ்கெலினனின் கோபம் விளங்குகிறது. இலக்கியக்காரர்கள் எல்லாவற்றையும் நாவலாக்கிவிடுவார்கள் என்ற பயம் அது. ஆனால் டெட்ரிஸில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வரிசையைச் சரியாக நிரப்பினால் அது மறைந்துவிடும். சரியாகச் செய்ததெல்லாம் திரையிலிருந்து போய்விடும், பிழைகள் மட்டும் குவிந்து குவிந்து மேலே வரும். வெற்றி என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தாமதமாகத் தோற்பது என்பதுதான் ஆட்டம். பின்னேரத் தராசில் கூடையைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை அதே மலையில் வெறுங்கூடையோடு ஏறும் ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் இதைக் காட்டினால், அவர் மரே பக்கம்தான் நிற்பார் என்று படுகிறது. அங்கே சொல் ஒன்றும் தேவையில்லை. விதியே சொல்கிறது.

இது 1997இல் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமும் இல்லை. 956இல் காலமான வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி 'முரூஜ் அத்-தஹப்' நூலில் ஒரு கருத்தைப் பதிவு செய்கிறார். ஷத்ரஞ்சைக் கண்டுபிடித்தவன் மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு என்று நம்பிய முஃதஸிலி, நர்தைக் கண்டுபிடித்தவன் எல்லாம் விதிப்படியே என்று நம்பிய ஜப்ரி என்பது அது. நர்து என்பது தாயக்கட்டை உருட்டி விளையாடும் ஆட்டம், இன்றைக்கு 'பேக்கேமன்' என்கிறார்கள். ஷத்ரஞ்சில் கட்டை இல்லை, உங்கள் புத்திதான். நர்தில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கட்டை விழுகிறபடிதான். பகிடியாகச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனாலும் ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் பக்தாதில் பிறந்த ஒருவர், ஓர் ஆட்டத்தின் அர்த்தம் காயின் உருவத்தில் இல்லை, விதியில் இருக்கிறது என்ற எண்ணத்தை எழுதி வைத்திருக்கிறார்.

ஃபிக்ஹு அறிஞர்களும் இந்த இடத்துக்கு வந்தார்கள். நர்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஷத்ரஞ்ச் விஷயத்தில் கருத்து வேறுபாடு. மற்ற மூன்று மத்ஹபுகளில் பெரும்பாலோர் அதையும் தடுக்க, எங்கட ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான நிலைப்பாடு, பணயமும் இல்லாமல் தொழுகையும் தவறாமல் இருந்தால் அது மக்ரூஹ் என்பது. ஏன் இரண்டுக்கும் வேறு ஹுக்மு? ஷாஃபிஈ அறிஞர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ஒன்று சிந்தனையிலும் கணக்கிலும் நிற்கிறது, மற்றது கட்டை விழுவதை நம்பி ஊகத்தில் நிற்கிறது. அதாவது அவர்கள் கேட்டது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. காய்களின் உருவத்தைப் பற்றியும் பேசினார்கள்தான், முஸ்லிம் நாடுகளில் சதுரங்கக் காய்கள் மனித மிருக உருவமில்லாத வடிவங்களாக மாறியதும் தெரிந்ததே. ஆனால் அது தனிக் கேள்வி. இரண்டையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பவில்லை.

இன்னோர் உதாரணம் பாம்பும் ஏணியும். எங்கட வீடுகளில் நோன்பு நாள் இரவுகளில் பிள்ளைகள் உருட்டும் அதே பலகைதான். இந்தியாவில் இதன் பழைய வடிவங்கள் நற்பண்பு, தீப்பண்பு, மறுமை, வீடுபேறு என்று கட்டங்களுக்குப் பெயர் போட்டவை. ஸூஃபிகளிடமும் ஒரு வடிவம் இருந்தது. பெயர் 'ஷத்ரஞ்ச் அல்-ஆரிஃபீன்', ஞானிகளின் சதுரங்கம். இப்னு அரபியின் பெயரோடு சேர்த்து வழங்கப்படுகிறது. கட்டங்களில் நஃப்ஸின் குணங்களும் ஆன்ம நிலைகளும், பாம்பு கீழே இழுக்கும், ஏறுகிற வழி இறைவனின் அர்ஷை நோக்கிப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் அச்சான பலகைகளில் விக்டோரியா காலத்து ஒழுக்கபோதனை. அதன் பிறகு வந்தவற்றில் ஒன்றுமில்லை, வெறும் எண்கள். ஒவ்வொரு கைமாறலிலும் கதை உரிந்து போயிருக்கிறது, ஆட்டம் அப்படியே ஓடுகிறது.

ஆட்டக் கட்சிக்காரர்கள் இதைத் தங்களுக்கு வெற்றி என்பார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பெயர்கள் போன பிறகும் அந்தப் பலகை ஒன்றைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது: தொண்ணூற்றெட்டில் நிற்கிறாய், அடுத்த உருட்டு உன் கையில் இல்லை. மஸ்ஊதி சொன்ன நர்தின் செய்திதான் அது. ஒட்டிய கதையை உரித்துவிடலாம். விதிக்குள் ஊறிய கதையை உரிக்க முடியாது. தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் நிற்பதை நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

இனித் தமிழர் செய்த ஒரு கேமுக்கு வருவோம். 2023 ஜூலை 31இல் 'வெண்பா' வெளிவந்தது. டொரொண்டோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவின் வேலை, வடிவமைத்தவர் அபி என்ற தமிழர். 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் ஒன்று இருக்கிறது. கிழிந்து, கறைபட்டு, பாதி வரிகள் அழிந்துபோன புத்தகம். விளையாடுகிறவரின் வேலை, அழிந்த இடத்தை ஊகித்துச் சமைத்து முடிப்பது. இட்டலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும்? புட்டுக் குழலில் எதை எங்கே போடுவது? பிரியாணியும் வருகிறது. (எங்கட பக்கத்துச் சகன் பிரியாணியைத் தின்று வளர்ந்தவனுக்கு அதில் சில ஆட்சேபங்கள் உண்டு. அதை இங்கே எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.) 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுகக் கேமுக்கான விருதை இதற்குக் கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடக்கும் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும் கிடைத்தது.

மடிக்கணினியில் நான் விளையாடி முடிக்க இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பலரும் சொன்ன குறையே அதுதான்: சின்னது, சுலபம், சமையல் கொஞ்சம், பேச்சு அதிகம், தோற்பதே இல்லை, பிழைத்தால் திரும்பச் செய்யலாம். இது கேமே இல்லை, கதை என்றவர்களும் இருந்தார்கள். பாராட்டியவர்களும் கதைக்காகவே பாராட்டினார்கள். இரண்டு பேரும் அந்தக் கிழிந்த புத்தகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். தாயிடமிருந்து மகளுக்கு வரும்போதே பாதி அழிந்து வருகிறது. மீதியை ஞாபகத்தாலும் கைப்பழக்கத்தாலும் நிரப்ப வேண்டும். இதை ஒரு நாவலாசிரியர் நாலு பக்கத்தில் எழுதியிருப்பார். இந்தக் கேம் அதை எழுதவில்லை, உங்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்கிறது. பிறகு கவின் வளர்ந்து, அம்மாவின் அதே புத்தகத்தோடு அடுப்படிக்கு வருகிறான். அவனுக்குத் தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க முடிகிறது. அந்த இடத்தில் புத்தகம் கிழிந்ததால் வந்த புதிர் மொழி கிழிந்ததால் வந்த புதிராகிறது. ஆட்டம் அதேதான், அழிந்ததை நிரப்புவது. ஆனால் அழிந்தது வேறு.

குறை எனக்கும் உண்டு. பிள்ளைகள் 'கெவின்' என்று கூப்பிட அதையே தன் பேராக்கிக்கொள்ளும் கவினின் கூச்சம், தாய் தகப்பனோடு வரும் உரசல் எல்லாம் உரையாடலில் மட்டும் இருக்கின்றன. நாங்கள் எந்தப் பதிலைத் தெரிந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. அடுப்படிக்குள் கதையும் விதியும் ஒன்று. வாசல் தாண்டினால் கதை தனியே நடந்து போய்விடுகிறது. முழுக் கேமையும் அந்த அடுப்படியிலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

கதையும் விதியும் ஒத்துப்போகாத நிலைக்கு, 2007இல் கிளின்ட் ஹொக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் 'பயோஷொக்' என்ற கேமைப் பற்றி எழுதும்போது ஒரு பெயரே வைத்தார். கதை ஒன்றைச் சொல்லும், ஆட்டம் அதற்கு நேர்மாறானதற்குப் பரிசு கொடுக்கும். சமாதானத்தைப் பேசும் நாயகன் முந்நூறு பேரைச் சுட்டுவிட்டு அடுத்த காட்சியில் கண் கலங்குவது இந்த வகை. விளையாடுகிறவன் கடைசியில் எதை நம்புவான்? வாய் சொன்னதையா, கை செய்ததையா?

இதன் கனமான சோதனை பலஸ்தீனத்தைப் பற்றிய கேம்களில் நடந்தது. 2001இல் திமிஷ்கின் 'தாருல் ஃபிக்ர்' பதிப்பகம் 'தஹ்தர் ரமாத்', சாம்பலின் கீழ், என்ற கேமை வெளியிட்டது. அரபிகள் எப்போதும் சுடப்பட வேண்டிய எதிரிகளாகவே வரும் அமெரிக்க யுத்தக் கேம்களுக்குப் பதிலாக, இன்திஃபாதா காலத்து அஹ்மத் என்ற இளைஞன் நாயகன். பொதுமக்களைச் சுடுவதைக் கேம் தண்டித்தது. அது ஓர் அக்கறையான விதி, மதிக்கிறேன். மற்றபடி அது எந்தச் சுடும் கேமும் போலத்தான். இந்தக் கேம்களை ஆராய்ந்த செக் நாட்டு ஆய்வாளர் விட் ஷிஸ்லர், துவக்கின் முனை எதிர்ப்பக்கம் திரும்பியதே தவிர வடிவம் மாறவில்லை என்ற அர்த்தத்தில் எழுதினார். நாயகனின் பேரை மாற்றுவது அவ்வளவு தூரம்தான் போகும்.

நாப்லஸைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா 2016இல் வெளியிட்ட 'லைலா அன்ட் த ஷெடோஸ் ஒஃப் வோர்' வேறு வகை. 2014 காஸா யுத்தத்தை வைத்துச் செய்தது. நிழலுருவங்களாய்ச் சில காட்சிகள், அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தகப்பன் மனைவியையும் மகள் லைலாவையும் காப்பாற்ற ஓடுகிறான். உங்கள் கையில் துவக்கு இல்லை. ஓடலாம், பதுங்கலாம், இடைக்கிடை இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும். கேம் விளையாடிப் பழகிய எவருக்கும், சரியான தெரிவைச் செய்தால் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கும். திரும்பத் திரும்ப விளையாடிப் பார்ப்பீர்கள். எதைத் தெரிந்தாலும் முடிவு மாறாது. சரியான தெரிவு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை என்பது உங்கள் விரலுக்குத்தான் முதலில் விளங்கும். செய்தியில் நூறு தடவை கேட்ட விஷயம்தான், ஆனால் செய்தி கேட்கிறவனுக்கு அந்த வீண்முயற்சி இல்லை. அப்பிள் நிறுவனம் இதைக் கேம் பிரிவில் போட முதலில் மறுத்தது, செய்தி மாதிரியான வேறு பிரிவுக்குப் போகச் சொன்னது. எதிர்ப்பு வந்த பிறகுதான் விட்டுக்கொடுத்தது. கதை பெரிதா ஆட்டம் பெரிதா என்ற பல்கலைக்கழக வழக்கில் ஒரு கம்பனி தீர்ப்புச் சொல்லப் போய் மாட்டிக்கொண்ட கதை இது.

இப்போது எங்கட பொடியன்மாரின் போனுக்குத் திரும்புவோம். 'ஃப்ரீ ஃபயரில்' ஐம்பது பேர் தீவில் குதிக்கிறார்கள், கடைசியில் நிற்கிறவர் வென்றவர். பயானில் பேசப்படுவது இந்தச் சுடுதல்தான். அதைவிட எனக்குக் கவலை தருவது அதே கேமுக்குள் இருக்கும் 'லக் ரோயல்' என்ற மூலை. அங்கே கதை இல்லை, துவக்கும் இல்லை. சல்லி கொடுத்து வாங்கிய 'டயமண்ட்' போட்டுச் சுழற்ற வேண்டும், எது விழும் என்று தெரியாது. ஒரு உடுப்புக்காக, ஒரு துவக்கின் நிறத்துக்காக. வாப்பாவின் கடை ரீலோட் கணக்கு குறைந்ததைப் பார்த்துப் பிடிபட்டவர்களை எனக்குத் தெரியும். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் ஆணையம், காசு கொடுத்துத் திறக்கும் இந்த மாதிரி அதிர்ஷ்டப் பெட்டிகள் சிலவற்றைச் சூது என்றே தீர்மானித்தது. அவர்கள் பார்த்தது பெட்டியின் படத்தை அல்ல. பணயம், தற்செயல், இலாப நட்டம் என்ற விதியை. மைஸிர் பற்றிப் பேசிய எங்கட ஃபுகஹாக்கள் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி. அந்த மூலையில் பள்ளிவாசல் படத்தை வரைந்து வைத்தாலும் அது மைஸிர்தான்.

இந்த இடத்தில் 'இஸ்லாமியக் கேம்' செய்வோம் என்று ஆர்வப்படும் எங்கட இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்த்தவற்றில் பெரும்பாலானவை வினாவிடை. சரியான பதிலுக்குப் பள்ளிவாசலுக்கு நிறம் ஏறும், பிழைத்தால் ஓர் 'உயிர்' போகும். கேள்விகளை எடுத்துவிட்டுக் கிரிக்கெட் கேள்விகளைப் போட்டாலும் அது அப்படியே ஓடும். அப்படியானால் அதில் இஸ்லாமியமானது என்ன? வினாவிடையே பிழை என்று சொல்ல வரவில்லை. தமிழில் முழுமையாய்க் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களில் மூத்தது, 1572இல் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. அது வினாவிடைதான். ஆனால் அங்கே கேட்கிறவர் யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம். பதிலில் திருப்திப்பட்டால் கேட்கிறவரின் வாழ்க்கையே மாறும். கேள்விக்குப் பின்னால் பெரிய பணயம் இருக்கிறது, அதுவும் கேட்கிறவர் வைத்த பணயம். எங்கட கேம்களில் கேட்கிறது மெஷின், அதற்கு இழக்க ஒன்றுமில்லை. பிள்ளையைச் சோதிக்காமல் பிள்ளையைக் கேட்க வைக்கும் ஒரு கேமை யாராவது செய்தால் வாங்குவதற்கு நான் வரிசையில் நிற்பேன்.

'வெண்பா' வெளியான அதே கிழமையில் இங்கே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போய்க்கொண்டிருந்தது, மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருடமானதை நினைவுகூர்ந்து. மலையகத்தைக் கேமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை அப்போதுதான் எனக்கு வந்தது. காட்டு வழி, கங்காணி, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது என்று கதை ஏராளமாய்க் கிடக்கிறது. ஆனால் கதையிலிருந்து தொடங்கினால் நடைபயணத்தைப் படமாக்கி நடுநடுவே பொத்தானை அழுத்தச் சொல்கிற கேம்தான் வரும். விதியிலிருந்து தொடங்கினால்?

தோட்டத்து வேலையே ஒரு விதிப்புத்தகம். ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். தோட்டம் குறித்த கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் ஏறியது. ஆயிரம் ரூபாய் என்ற கதை பத்திரிகையில் வந்தது, விதி பிரட்டுக்களத்தில் மாறியது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எங்கட பிள்ளைகளுக்கு எஸ்பன் ஆர்செத் தேவையில்லை.

கணினி ஒன்றும் வேண்டாம் என்று வகுப்பில் மட்டையை வெட்டிக் காட்டாட்டம் மாதிரித் தொடங்கினோம். கொழுந்துக் காட், மழைக் காட், அட்டைக் காட், காய்ச்சல் காட். பதினைந்து கிலோ சேர்த்தால் முழுப்பேர். முதல் நாள் எல்லாரும் சுலபமாய் வென்றார்கள், ஆட்டம் சப்பென்று இருந்தது. பஜாரிலிருந்து வரும் பிள்ளைகள், கதை போதாது, கங்காணிக்கு ஒரு பேர் வைப்போம், வில்லனாக்குவோம் என்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "சேர், வில்லன் வேணாம். நிறுவை போடுறவங்க காட்ட நாங்க பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அப்படியே மாற்றினோம். நிறுப்பவரின் கையில் கழிவுக் காட்கள், எத்தனை கழியும் என்று நிறுத்து முடியும் வரை யாருக்கும் தெரியாது. பதினைந்து கிலோவுக்குப் பதினேழு எடுத்துவிட்டு அரைப்பேர் வாங்கிய பொடியன் எழும்பி நின்று சத்தம் போட்டான். "காட்டக் காட்டுங்க!" என்று நிறுப்பவனிடம் கதைக்கத் தொடங்கினான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டத்தில் அதற்கு விதி இல்லை. இப்போது அதற்கு ஒரு விதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்: எத்தனை பேர் சேர்ந்து கேட்டால் காட்டைக் காட்ட வேண்டும் என்று. மூன்று பேர் என்று ஒரு கட்சி, எல்லாரும் என்று இன்னொரு கட்சி.